முயலில் மூன்றில் ஒரு பங்கு

பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். காலையில் 8 யூனிட், மதியம் 6, இரவு 8. பேனாவின் அடியைத் திருகினால் டிக் டிக் என்று எண் ஏறும். ஒரு டிக், ஒரு யூனிட். இத்தனை வருஷம் எண்ணியும் ‘யூனிட்னா என்ன?’ என்று யாரிடமும் கேட்டதில்லை. கிராம் தெரியும், மில்லி தெரியும். யூனிட் எதை அளக்கிறது?

தேடிப் போனால், பதிலாக ஒரு முயல் வந்து நின்றது.

1920களின் தொடக்கத்தில் இன்சுலினைச் சுத்தமாகப் பிரித்து எடை போட வழியில்லை. ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் ஒவ்வொரு வீரியம். அதனால் மருந்தை அது செய்யும் வேலையால் அளந்தார்கள். 2 கிலோ எடையுள்ள ஒரு முயலை 24 மணி நேரம் பட்டினி போட வேண்டும். பிறகு ஊசி போட வேண்டும். அதன் ரத்தச் சர்க்கரை சில மணி நேரத்தில் 0.045 சதவீதத்துக்கு, அதாவது வலிப்பு வரும் அளவுக்கு, இறங்க எவ்வளவு மருந்து தேவையோ அதுதான் ஒரு யூனிட். மனிதர்களுக்கு அது பெரிய அளவாக இருந்ததால், பின்னால் அதில் மூன்றில் ஒரு பங்கை யூனிட் ஆக்கினார்கள். இன்று இன்சுலினை மில்லிகிராமில் எடை போடுகிறார்கள். சொல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

0.045 சதவீதம் என்பது குளுக்கோமீட்டரில் 45. அந்த எண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். கல்லூரி முதல் வருஷம் ஒரு விடியற்காலையில் 45 வந்தது. சட்டை நனைந்துவிட்டது, கை நடுங்கியது, சொல்ல நினைத்த வார்த்தை வாய்க்கு வரவில்லை. அம்மா சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, பல்லுக்கு நடுவே கரண்டியை விட்டுப் புகட்டினாள். டொரன்டோவில் காலிப் என்ற வேதியியலாளரும் வலிப்பு வந்த முயல்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்திருக்கிறார். அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுபடி எடுக்க ஒரு வாரம் ஆயிற்று.

எடுத்தபோது பின்னாலிருந்து தொடங்கினேன்.

1849, பாரிஸ். க்ளோத் பெர்னார், ஒரு முயலின் மூளையின் அடிப்பகுதியில், நான்காம் அறை எனப்படும் இடத்தின் தரையில் ஊசியால் குத்தினார். கொஞ்ச நேரத்தில் முயலின் சிறுநீரில் சர்க்கரை வந்தது. சர்க்கரை நோய்க்கும் மூளைக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று உலகம் யோசிக்க ஆரம்பித்தது அங்கேதான். பெர்னாரின் ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தது மனைவி ஃபன்னி கொண்டுவந்த சீதனப் பணம். உயிரோடு விலங்குகளை அறுப்பதை அவரும் மகள்களும் வெறுத்தார்கள். கடைசியில் தம்பதி பிரிந்தார்கள். இந்த வரலாற்றின் முதல் சண்டை ஒரு வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

1869, பெர்லின். பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் முயலின் கணையத்தில் சின்னச் சின்னத் திட்டுகளாக வித்தியாசமான செல்கள் இருப்பதைக் கண்டார். அவை எதற்கு என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதி வைத்தார்.

1889, ஸ்ட்ராஸ்பர்க். ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் யோசப் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை முழுசாக எடுத்தார்கள். ஒழுங்காகப் பழக்கப்பட்ட நாய், ஓயாமல் தரையில் சிறுநீர் கழித்தது. மின்கோவ்ஸ்கி அதைச் சோதித்தார், சர்க்கரை இருந்தது. நோயின் வீடு கணையம் என்று தெரிந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை நிறுத்தியது. கணையத்தின் ஒரு துண்டை நாயின் வயிற்றுத் தோலுக்கு அடியில் பதித்துவிட்டு, மீதியை வெட்டி எடுத்தார். நாய்க்கு நோய் வரவில்லை. அந்தத் துண்டு காப்பாற்றியது. ஆனால் அது தற்செயல் இல்லை என்று எப்படி நிரூபிப்பது? துண்டையும் எடுத்துவிட்டார். நோய் வந்தது. நிரூபணம் முடிந்தது.

இந்த வரலாறு முழுக்க இதே அசைவுதான். குணப்படுத்தினால் மட்டும் போதாது, குணத்தைத் திருப்பி வாங்கிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் சான்று.

1893இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 15 வயதுப் பையன் ஒருவனின் தோலுக்கடியில் ஆட்டுக் கணையத் துண்டுகளைப் பதித்தார்கள். மூன்று நாளில் இறந்துபோனான். வேறு உடம்பின் சதையை நம் உடம்பு ஏற்காது என்பதை அன்று யாரும் சரியாக அறிந்திருக்கவில்லை.

பிறகு டொரன்டோ, 1921 கோடை. பான்டிங்கும் பெஸ்டும் நாய்களின் கணையச் சாற்றை, கணையம் எடுக்கப்பட்ட வேறு நாய்களுக்கு ஏற்றினார்கள். ஜூலை 30 அன்று 391ஆம் எண் நாயின் சாறு 410ஆம் எண் நாய்க்குப் போனது. சர்க்கரை இறங்கியது. மறுநாள் அந்த நாய் இறந்தது. பின்னர் வந்த 92ஆம் எண் நாய் செத்தபோது அழுததாகப் பான்டிங் பின்னாளில் எழுதினார். நோயாளிகள் சாகும்போதுகூடத் தான் அழுததில்லை என்றும் சேர்த்து எழுதினார்.

33ஆம் எண் நாயின் பெயர் மார்ஜரி. கணையம் இல்லாமல், சாற்றின் துணையில் 70 நாள் இருந்தது. 1922 ஜனவரி 11 அன்று 14 வயது லெனார்ட் தாம்ப்சனுக்கு முதல் ஊசி. அது சரியாக வேலை செய்யவில்லை. காலிப் சுத்தம் செய்து கொடுத்த மருந்து ஜனவரி 23 அன்று வேலை செய்தது. நான்கு நாள் கழித்து, ஜனவரி 27 அன்று, மார்ஜரியைக் கொன்றார்கள். அதன் கணையம் மிச்சமில்லாமல் எடுக்கப்பட்டிருந்ததா என்று அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தாம்ப்சன் இன்னும் 13 வருஷம் வாழ்ந்தான்.

ஊசி வந்துவிட்டது, ஆனால் ஊசி குணமாக்கவில்லை. அதனால் பழைய கனவு திரும்பியது: செல்லையே மாற்றி வைத்தால்? 1972இல் செயின்ட் லூயிஸில் பாலிஞ்சரும் லேசியும் எலிகளுக்குத் திட்டுகளைப் பதித்துச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தினார்கள். 2000இல் கனடாவின் எட்மன்டனில் ஷாபிரோ குழு ஏழு மனிதர்களுக்குச் செய்தது. ஏழு பேருமே ஊசியை நிறுத்தினார்கள். ஆனால் காலம் போகப் போகப் பெரும்பாலோர் ஊசிக்குத் திரும்பினார்கள். ஒருவருக்கு இரண்டு மூன்று இறந்தவர்களின் கணையம் தேவைப்பட்டது. போதாததற்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை விடாமல் சாப்பிட வேண்டும்.

ஒருநாள் மாமா போன் செய்தார். “ஜப்பான்ல மூளை செல்லை எடுத்துக் கணையத்துல வெச்சா சுகர் போயிடுதாம்டா. படிச்சியா?” படித்தேன். 2011, ஸுகுபா நகரம், டொமொகோ குவபாராவின் குழு. சர்க்கரை நோய் எலிகளின் மூளையில், மோப்பத்துக்கான பகுதியிலிருந்தும் நினைவுக்கான பகுதியிலிருந்தும் நரம்பு ஸ்டெம் செல்களை எடுத்தார்கள். வளர்த்து, மெல்லிய கொலாஜன் தாளில் பரப்பி, அதே எலியின் கணையத்தில் வைத்தார்கள். மூளைச் செல்கள் இன்சுலின் சுரந்தன. சொந்த உடம்பின் செல் என்பதால் வேற்றுச் சதை என்ற பிரச்சினை இல்லை. சர்க்கரை இறங்கியது.

பெர்னார் மூளையில் குத்தி நோயை வரவழைத்தார். 162 வருஷம் கழித்து, அதே மூளையின் செல்லால் நோயை இறக்கினார்கள். அழகான வட்டம் என்று தோன்றியது. அடுத்த பத்தியில் இருந்தது: தாளை எடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை மறுபடி ஏறியது. மின்கோவ்ஸ்கியின் நாய்.

மாமாவிடம், “எலிக்குத்தான் மாமா, நமக்கு இன்னும் வரலை” என்று மட்டும் சொன்னேன்.

ஆய்வுக்கட்டுரைகளில் விலங்கைக் கொல்வதைக் குறிக்க ஆங்கிலத்தில் வரும் சொல்லைத் தமிழில் இரண்டு விதமாகச் சொல்லலாம்: தியாகம், பலி. முதலாவது கொடுப்பவரின் சொல். இரண்டாவதில் ஆட்டைக் கேட்பதில்லை. மார்ஜரி தியாகம் செய்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நன்றி என்றும் எழுத முடியவில்லை, ஏனென்றால் அது எதையும் கொடுக்கவில்லை, அதனிடமிருந்து எடுத்தார்கள்.

செய்திருக்கக் கூடாது என்று சொல்வேனா? மாட்டேன். சொல்ல எனக்கு வாய் இருப்பதே அதனால்தான். குவபாராவின் எலிகளைப் பற்றிப் படித்தபோது முதலில் எனக்கு வந்தது இரக்கம் இல்லை, ஆசை. ‘இன்னும் எத்தனை வருஷம்?’ என்றுதான் மனசு கேட்டது. அதை மறைத்துவிட்டு விலங்குகளுக்காக உருகினால் அது பொய்.

என்னால் முடிந்தது கணக்கைச் சரியாகச் சொல்வது. நேற்று இரவு தோசைக்கு முன்னால் பேனாவைத் திருகினேன். எட்டு டிக். இரண்டு முயல், மூன்றாவது முயலில் மூன்றில் இரண்டு பங்கு.

“என்னடா எண்ணிட்டிருக்க, தோசை ஆறுது” என்றாள் அம்மா.

ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.