வாக்குமூலமும் விடுபட்ட வாக்கியமும்

திருவண்ணாமலைக்கு வடமேற்கே அமைந்துள்ளது ஜோலார்பேட்டை. 1989 வரை இவ்விரண்டும் வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர்களே. ஜோலார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளன் 1991 ஜூன் 11 அன்று கைது செய்யப்பட்டபோது அவருக்கு வயது 19. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், மே 21 இரவில், திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் உடனிருந்தோர் பலரும் மனித வெடிகுண்டுக்குப் பலியாகியிருந்தனர்.

இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கிச் சிவராசனிடம் கொடுத்தார் என்பது அவர் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு. காவல்துறையினரிடம் அளிக்கும் வாக்குமூலத்தைச் சாட்சியச் சட்டம் ஏற்பதில்லை. ஆனால், தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு, கண்காணிப்பாளர் நிலை அதிகாரி பதிவுசெய்ததைச் சான்றாக ஏற்றது. 1998 ஜனவரி 28 அன்று தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம், இது தடாவின்கீழ் வரும் பயங்கரவாதக் குற்றமன்று எனக் கூறியது. எனினும் அச்சட்டத்தின்வழி பெற்ற வாக்குமூலங்களை அது தள்ளவில்லை. பேரறிவாளன் உள்ளிட்ட நால்வரின் தூக்குத் தண்டனையை உறுதிசெய்தது.

2013 நவம்பரில் 'உயிர்வலி' என்னும் ஆவணப்படம் வெளிவந்தது. வாக்குமூலத்தைப் பதிவுசெய்த ஓய்வுபெற்ற அதிகாரி தியாகராசனே அதில் பேசினார். பேட்டரிகள் எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். 2017இல் உச்ச நீதிமன்றத்திலும் உறுதிமொழிப் பத்திரம் அளித்தார்.

கொலையைச் செய்தவர் யார் என்பதன்று இப்படம் எழுப்பும் வினா. அறிந்து உதவியவரையும் அறியாது பொருள் வாங்கித் தந்தவரையும் பிரித்துக் காட்டுவது ஒரே வாக்கியமெனில், அதனை நீக்கும் உரிமை எழுதுகோல் பிடித்தவருக்கு உண்டா என்பதே வினா.

2014 பிப்ரவரி 18 அன்று தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. கருணை மனு மீது முடிவெடுப்பதில் நேர்ந்த நெடுங்காலத் தாமதமே அதற்குக் காரணம். 2018இல் தமிழக அமைச்சரவை செய்த விடுதலைப் பரிந்துரை ஆளுநரிடம் நிலுவையில் கிடந்தது. இறுதியில் 2022 மே 18 அன்று, அரசமைப்பின் 142ஆம் பிரிவைக் கொண்டு உச்ச நீதிமன்றமே அவரை விடுவித்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைவாசம் அவ்வாறு முடிந்தது.

இவ்விரு ஆணைகளும் 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றவில்லை என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். மனிதர் விடுதலை பெற்றார். விடுபட்ட வாக்கியமோ தீர்ப்பினுள் இன்றும் இடம்பெறவில்லை. வரலாறு எழுதுவோர் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தல் கடமையாகும்.