விருந்தாளிக்கு ஒரு குவளை, அண்டைவீட்டாருக்கு ஒரு குவளை

இங்கிலாந்தின் லங்காஷயரில், பிரஸ்டன் நகரை ஒட்டி, பாம்பர் பிரிட்ஜ் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊருக்குள் கூரை வேய்ந்த பழைய பப் ஒன்று உண்டு. பெயர் ஓல்ட் ஹாப் இன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சிக்காக அந்த நாட்டுக்குப் போயிருந்தபோது, நாங்கள் மூன்று பேர் ஒரு சனிக்கிழமை மதியம் அங்கே சாப்பிடப் போனோம். சாப்பாடு ஒரு சாக்குதான். அந்தக் கட்டடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பது எங்களுடைய நெடுநாள் ஆசை. காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

பப்பில் மேசைக்கு வந்து யாரும் ஆர்டர் எடுப்பதில்லை. நாமே கவுண்டருக்குப் போய் நிற்க வேண்டும். வரிசை என்று ஒன்றும் கிடையாது, ஆனாலும் யாருக்குப் பின் யார் என்பது கவுண்டருக்குப் பின்னால் நிற்பவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஊரின் நடுவயது அம்மா ஒருவர் எங்களைப் பார்த்து, "லவ், உங்களுக்கு என்ன?" என்றார். அங்கே முன்பின் தெரியாதவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், நம் கொங்குப் பக்கம் "கண்ணு" என்பது போல. எங்களுக்கு முன் நின்ற வெள்ளைக்காரப் பெரியவருக்கு ஊற்றிய அதே அடுக்கிலிருந்து மூன்று கண்ணாடிக் குவளைகளை எடுத்து ஊற்றிக் கொடுத்தார். மாட்டிறைச்சி பையும் சிப்ஸும் மேசைக்கு வந்தன.

அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். குவளை எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று பார்ப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. இரட்டைக் குவளை பற்றிக் கள ஆய்வு செய்கிறவர்கள் டீக்கடைக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆணியில் தொங்கும் டம்ளரா, தட்டில் கவிழ்த்த கிளாஸா, இப்போதெல்லாம் "எல்லாருக்கும் பேப்பர் கப்தான் சார்" என்று கடைக்காரர் சொல்லித் தப்பிக்கிற கப்பா? குடிக்கிற பாத்திரத்தில் ஒரு சமூகம் தன்னை எழுதி வைத்திருக்கிறது.

குடியை ஆதரித்து எழுதுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். டாஸ்மாக் நம் சேரிகளில் செய்திருக்கும் நாசத்தை அன்றாடம் பார்க்கிற வேலையில் இருப்பவர்கள் நாங்கள். இங்கே பேச வந்தது குடியைப் பற்றி அல்ல, யார் யாரோடு உட்காரலாம் என்பதைப் பற்றி.

1943. இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்கப் படைகள் இங்கிலாந்தில் குவிந்திருந்தன. அமெரிக்க ராணுவத்தில் அன்று கறுப்பருக்குத் தனிப் பிரிவு, வெள்ளையருக்குத் தனிப் பிரிவு. கறுப்பருக்குப் பெரும்பாலும் லாரி ஓட்டுவது, மூட்டை தூக்குவது போன்ற வேலைகளே தரப்பட்டன. பாம்பர் பிரிட்ஜில் இருந்த 1511ஆவது குவார்ட்டர்மாஸ்டர் டிரக் படையும் அப்படித்தான். படை வீரர்கள் எல்லாரும் கறுப்பர், அதிகாரிகள் ஏறக்குறைய எல்லாரும் வெள்ளையர். ஊர்மக்கள் இந்த வீரர்களைத் தங்கள் பப்களில் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்க அதிகாரிகளுக்கு இது பொறுக்கவில்லை. பப்களில் நிறப் பிரிவினை வேண்டும் என்று கேட்டார்கள். ஊரில் இருந்த மூன்று பப்களும் அதற்குப் பதிலாக "கறுப்பு வீரர்களுக்கு மட்டும்" என்று பலகை மாட்டின என்பது அந்த ஊர் இன்றும் பெருமையோடு சொல்லும் கதை.

ஜூன் 24 இரவு, கடை மூடும் நேரம். ஹாப் இன்னில் கறுப்பு வீரர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க ராணுவ போலீஸ் இருவர், இருவரும் வெள்ளையர், உள்ளே வந்தார்கள். ஒரு வீரர் முறையான சீருடை அணியவில்லை என்று சொல்லிக் கைது செய்யப் பார்த்தார்கள். அங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவப் பெண் ஒருவர் எழுந்து, ஒரு தொந்தரவும் செய்யாதவரை ஏன் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். கூட்டமும் வீரர்களின் பக்கம் நின்றது. போலீஸ் வெளியேறியது, ஆனால் ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பியது. சாலையில் கைகலப்பு, அதன்பின் துப்பாக்கிச் சூடு. நள்ளிரவில் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய வண்டியோடு போலீஸ் முகாமுக்கு வந்தபோது, தங்களைக் கொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்த வீரர்கள் ஆயுதக் கிடங்கைத் திறந்து துப்பாக்கிகளை எடுத்தார்கள். டெட்ராய்ட் நகரில் இனக்கலவரம் நடந்த செய்தி வந்து சில நாள்தான் ஆகியிருந்தது, அவர்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. விடியும்வரை சண்டை நடந்தது. வில்லியம் கிராஸ்லேண்ட் என்ற கறுப்பு வீரர் செத்துப்போனார்.

ராணுவ நீதிமன்றம் முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்பு வீரர்களைக் கலகக் குற்றவாளிகள் என்றது. சுட்ட போலீஸுக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கவே தேவையில்லை, கீழ்வெண்மணி தீர்ப்பைப் படித்தவர்கள்தானே நாம். ஆனால் விமானப்படைத் தளபதி ஐரா ஈக்கர், தவறு பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகள் மீதும் போலீஸ் மீதும்தான் என்று ஒப்புக்கொண்டு, இனவெறி பிடித்த அதிகாரிகளை அந்தப் பிரிவுகளிலிருந்து நீக்கினார். தண்டனைகளும் மறுபரிசீலனையில் குறைந்தன.

இந்தக் கதையைக் கேட்டதும் ஆங்கிலேயக் கிராமத்து பப் ஒரு சமத்துவபுரம் என்று தோன்றும். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. வரலாற்றைக் கொஞ்சம் தோண்டினால் அந்த மயக்கம் தெளிந்துவிடும்.

ஜோசப் ஆர்ச் என்பவரை நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1826இல் வார்விக்‌ஷயரின் பார்ஃபோர்டு கிராமத்தில் பிறந்த கூலிவீட்டுப் பிள்ளை, வேலி வெட்டும் தொழிலாளி. சிறுவனாக இருந்தபோது கோயில் கதவின் சாவித்துளை வழியே நற்கருணை வாங்கும் சடங்கைப் பார்த்ததாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். முதலில் பண்ணையார் போகிறார், அடுத்து விவசாயிகள், பிறகு கடைக்காரர், தச்சர், கொல்லர். கடைசியாக வேலையுடுப்போடு கூலிகள் தனியாகப் போகிறார்கள், வேறு யாரும் அவர்களோடு மண்டியிடுவதில்லை. தீட்டுப்பட்டவர்களைப் போல நடத்தினார்கள் என்றே அவருக்குத் தோன்றுகிறது. அவர் பார்த்தது சாதி அல்ல, வர்க்கம். ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படித்தபோது நமக்குத் தனிக் கல்லறையும் தனி இருக்கையும் வைத்த நம்மூர் தேவாலயங்கள் கண்முன் வந்தன.

இந்த ஆர்ச்சைத்தான் 1872 பிப்ரவரி 7 அன்று வெல்ஸ்போர்ன் கிராமத்துக் கூலிகள் பேச அழைத்தார்கள். கூட்டத்துக்குக் குறித்த இடம் ஸ்டாக்ஸ் ஹெட் என்ற பப். முப்பது பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் கூட்டம். பப்புக்குள் இடம் போதவில்லை. வெளியே செஸ்ட்நட் மரத்தடியில், பன்றி அறுக்கும் முக்காலி மேல் ஏறி நின்று, கழிகளில் கட்டிய லாந்தர் வெளிச்சத்தில் பேசினார். அந்த இரவில் முளைத்ததுதான் விவசாயக் கூலிகளின் தேசிய சங்கம். 1885இல் ஆர்ச் நாடாளுமன்ற உறுப்பினரே ஆனார்.

கூலிக்குக் கோயிலில் கடைசி இடம், பண்ணையில் வாய் திறக்க முடியாது. பேச ஓர் இடம் வேண்டுமே, அது மதுக்கடையாக இருந்தது. 1830இல் வந்த பியர் சட்டம், வரி கட்டும் எவரும் சிறிய உரிமக் கட்டணத்தில் பியர் விற்கலாம் என்றது. தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. அதே ஆண்டு கென்ட் பகுதியில் தொடங்கி, கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தபோது, இந்தப் பியர் கடைகளில் கூடிப் பேசித்தான் கெட்டுப்போகிறார்கள் என்று நிலக்கிழார்கள் குற்றம் சாட்டினார்கள். சேரியில் படிப்பகம் திறந்தால் ஊருக்குள் எழுகிற முணுமுணுப்பு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

அதே மதுக்கடை கூலியை விழுங்கவும் செய்தது. வாரக்கூலியை பப்பில் வைத்தே கொடுப்பது, வாங்கியவர் அங்கேயே செலவழித்துவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு போவது என்பது அவ்வளவு பெரிய கொடுமையாக இருந்ததால்தான், அதைத் தடை செய்ய 1883இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே கொடுக்கும் வழக்கத்தை 1887 சட்டம் தடுத்தது. நகரத்து பப்களில் தொழிலாளிக்கு வெறுந்தரை அறை, கொஞ்சம் வசதியானவருக்குக் கம்பளம் விரித்த அறை, அங்கே அதே பியர் கொஞ்சம் விலை கூடுதல். குடிப்பவர் முகம் தெரியாதபடி திருப்பி வைக்கும் சின்னக் கண்ணாடித் தடுப்புகள் கூட இருந்தன. இன்று "பாரம்பரிய உணவு" என்று கிராமத்து பப்களில் பலகை வைத்து விற்கும் 'உழவர் மதிய உணவு' இருக்கிறதே, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஊறுகாயும், அந்தப் பெயரை ஊரெங்கும் பரப்பியது 1950களிலும் 60களிலும் பாலாடைக்கட்டி விற்கக் கிளம்பிய விளம்பரக்காரர்கள். உழவன் தின்றது உண்மைதான். பேரும் படமும் போட்டு விலை வைத்தது வேறு ஆட்கள்.

இப்போது பாம்பர் பிரிட்ஜுக்கு இருபது ஆண்டு தள்ளி, பர்மிங்காம் அருகே ஸ்மெத்விக் நகருக்கு வருவோம். வார்ப்பாலைகளில் வேலை செய்ய பஞ்சாபியரும் கரீபியத் தீவினரும் குடியேறிய ஊர். அங்கே பப்களில் 'ஸ்மோக் ரூம்' என்ற நல்ல அறை வெள்ளையருக்கு. மற்றவர்கள் கேட்டால் ஊற்றமாட்டார்கள். இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜவ்ல், வார்ப்பாலைத் தொழிலாளி, பர்மிங்காம் பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து ஒரு வேலை செய்தார். வெள்ளை மாணவர் போய்க் கேட்பார், கிடைக்கும். அடுத்து இந்தியர் போய்க் கேட்பார், கிடைக்காது. இதைச் சாட்சியமாக்கி, பப் உரிமம் புதுப்பிக்க வரும்போது எதிர்ப்பார்கள். நாம் டீக்கடைகளில் செய்கிற அதே ஆய்வு முறை! 1965 பிப்ரவரி 12 அன்று அவர் மால்கம் எக்ஸை ஸ்மெத்விக்குக் கூட்டிவந்தார். புளூ கேட்ஸ் என்ற பப்பின் ஸ்மோக் ரூமில் அவர்களுக்கும் மறுப்புதான். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒரே நாடு, அதே தலைமுறை. 1943இல் கறுப்பருக்காக எதிர்த்து நின்ற பப், 1965இல் கறுப்பரை வெளியே நிறுத்தியது எப்படி? ஊர் வேறு, ஆட்கள் வேறு என்பது பாதி பதில்தான். எங்களுக்குத் தோன்றுவது இது. 1943இல் வந்தவர்கள் விருந்தாளிகள். போர் முடிந்தால் போய்விடுவார்கள், வீடு கேட்கமாட்டார்கள், வேலையில் பங்கு கேட்கமாட்டார்கள். 1965இல் வந்தவர்கள் அடுத்த வீட்டுக்காரர்கள். ஸ்மெத்விக்கில் சண்டை தொடங்கியது பியரில் அல்ல, மார்ஷல் தெரு வீடுகளில். காலி வீடுகளை நகராட்சியே வாங்கி வெள்ளையருக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று அங்கே கோரிக்கை எழுந்தது. நம் கிராமங்களிலும் பார்க்கிறோம். வெளியூரிலிருந்து வரும் தலித் அதிகாரிக்கு நாற்காலி போட்டு எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்துவிடுவார்கள். உள்ளூர்ச் சேரிக்காரர் அதே திண்ணையில் உட்கார்ந்தால்தான் பிரச்சினை. விருந்தாளியைச் சகித்துக்கொள்வது எளிது, பங்காளியாக ஏற்பதுதான் கடினம்.

சட்டம் என்ன செய்தது? பழைய ஆங்கிலச் சட்டத்தில் ஒரு விசித்திரம். பயணிகள் தங்கும் சத்திரம், நியாயமான காரணம் இல்லாமல் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் லண்டன் ஓட்டல் ஒன்றில் நிறத்துக்காக மறுக்கப்பட்டபோது, 1944இல் இந்த விதியை வைத்துத்தான் வழக்கில் வென்றார். கிடைத்த இழப்பீடு 5 கினி. ஆனால் வெறும் மதுக்கடைக்கு அந்தக் கடமை கிடையாது, கடைக்காரர் விரும்பினால் ஊற்றலாம், இல்லாவிட்டால் போகச் சொல்லலாம். 1965இன் இன உறவுகள் சட்டம் வந்த பிறகே பப்பில் நிறம் பார்ப்பது சட்டவிரோதம் ஆயிற்று. நம் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடைகளையும் உணவகங்களையும் 1950இலேயே எல்லாருக்கும் திறந்துவிட்டது, 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்துவிட்டது. சட்டத்தில் நாம் முந்தி. டம்ளரில்?

பியர் காய்ச்சியவர்களையும் விட்டுவிடக் கூடாது. இங்கிலாந்தின் கிராமத்து பப்களில் பல ஏதோ ஒரு மதுபான நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டவை. அவற்றில் பெரிய ஒன்றான கிரீன் கிங்கை 1799இல் தொடங்கிய பெஞ்சமின் கிரீன், கரீபியத் தோட்டங்களில் அடிமைகளை வைத்திருந்தவர். அடிமை ஒழிப்புக்கு எதிராகத் தன் பத்திரிகையிலேயே எழுதியவர். ஒழிப்பு வந்தபோது 231 மனிதர்களை 'இழந்ததற்கு' அரசிடம் நட்டஈடு வாங்கினார். அடிமைகளுக்கு ஒரு பென்னியும் இல்லை. 2020இல்தான் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மறு ஆண்டு, கறுப்பரை இழிவுபடுத்தும் பெயர் கொண்ட தன் நான்கு பப்களின் பெயரை மாற்றியது. பெயரை மாற்றினால் வரலாறு அழிந்துவிடும் என்று அங்கேயும் ஒரு கூட்டம் கத்தியது. தெருப்பெயரில் சாதி வாலை வெட்டும்போது இங்கே கேட்கிற அதே குரல்.

எங்களோடு ஹாப் இன்னில் உட்கார்ந்திருந்த மூன்றாமவர் வுல்வர்ஹாம்டனில் பிறந்து வளர்ந்த ரவிதாசியா தோழர். 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்கலாம் என்று ஒரு விதி இருந்ததையும், 2013இல் சேர்த்தே ஆக வேண்டும் என்று நாடாளுமன்றம் திருத்தியதையும், 2018இல் அரசு சேர்க்கப் போவதில்லை என்று கைவிரித்ததையும் அவர்தான் தேதி வாரியாகச் சொன்னார். அவருடைய அப்பாவும் வார்ப்பாலைத் தொழிலாளி. 1965க்கு முன் ஸ்மோக் ரூம் கதவு தனக்கு மூடியிருந்ததை அப்பா அடிக்கடி சொல்வாராம். கதவு திறந்த பிறகு என்ன நடந்தது என்பதை ஒரே ஒரு முறைதான் சொன்னாராம்.

பப்பில் 'ரவுண்ட்' என்று ஒரு வழக்கம் உண்டு. மேசையில் இருக்கிற எல்லாருக்கும் ஒருவர் வாங்க வேண்டும், அடுத்த முறை இன்னொருவர். முறை தவறுவது மானக்கேடு. அப்பாவோடு ஒரே உலையில் வேலை பார்த்த பஞ்சாபி ஒருவர், முதல் நாளே எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், எல்லாருக்கும் வாங்கிக் கொடுப்பாராம், இவருக்கும் சேர்த்து. இவர் முறை வரும்போது மட்டும், "இன்றைக்குப் போதும்" என்று எழுந்துவிடுவாராம். பதினொரு ஆண்டுகள் அப்படியே. வெள்ளைக்காரச் சக தொழிலாளிகள், அந்த ஆள் அளவாகக் குடிப்பவர் என்று மெச்சிக்கொண்டிருந்தார்களாம்.

சொல்லி முடித்துவிட்டுத் தோழர் குவளைகளைப் பார்த்தார். மூன்றும் காலி. "என் முறை" என்று எழுந்தார். எங்களில் ஒருவருக்கு உண்மையாகவே போதும் என்றுதான் இருந்தது. ஆனாலும் வாங்கிவரச் சொன்னோம்.