பழி சுமந்த சூப்

1855ஆம் ஆண்டின் கோடை. இத்தாலியின் மேற்குக் கரைத் துறைமுகமான லிவோர்னோவில் கடல் நீராட வந்தவர்களின் கூட்டம். பெல்லெக்ரினோ அர்த்தூசி என்ற வணிகர் ஓர் உணவகத்தில் நுழைந்து, என்ன சூப் இருக்கிறது என்று கேட்கிறார். மினெஸ்ட்ரோனே என்கிறார் பரிமாறுபவர். மகிழ்வுடன் உண்டு, சற்றே உலாவிவிட்டு, ஒரு புதிய வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறார். நள்ளிரவில் வயிற்றில் பெருங்கலகம் மூள்கிறது. கழிவறைக்கும் அறைக்குமாக நடந்தபடியே அந்தச் சூப்பைச் சபிக்கிறார். விடிந்ததும் முதல் ரயிலில் ஃப்ளாரன்ஸுக்குத் தப்பிச் செல்கிறார். பின்னர் அங்கே ஒரு செய்தி வருகிறது. லிவோர்னோவில் காலரா பரவிவிட்டது. முதலில் மாண்டவர் அவர் தங்கிய வீட்டின் உரிமையாளர்.

1891இல் சொந்தச் செலவில் வெளியிட்டு, பின்வந்த பதிப்புகளில் விரித்துக்கொண்டே போன தம் சமையல் நூலில் அர்த்தூசியே இதைச் சொல்கிறார். மினெஸ்ட்ரோனே செய்முறைக்கு முன்னுரையாக இக்கதையை அவர் வைத்திருப்பதைப் படிக்கையில் நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரிப்பு அடங்கியபின் வேறொன்று உறைக்கிறது. ஒரு கொள்ளை நோய் வாசலில் நின்றபோது, மனித மனம் முதலில் குற்றம் சாட்டியது ஏழையின் காய்கறிக் கஞ்சியை.

உண்மைக் குற்றவாளி அதற்குள் அடையாளம் காணப்பட்டிருந்தது என்பதுதான் இதில் பெரிய முரண். அர்த்தூசி தஞ்சம் புகுந்த அதே ஃப்ளாரன்ஸில், முந்தைய ஆண்டான 1854இல், ஃபிலிப்போ பச்சீனி என்ற உடற்கூறியல் பேராசிரியர் காலராவில் இறந்தவர்களின் குடலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதன் கிருமியைக் கண்டு எழுதியிருந்தார். நோய்கள் கெட்ட காற்றால் வருவன என்று நம்பிய மருத்துவ உலகம் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1883இல் பச்சீனி இறந்தார். மறு ஆண்டே, கல்கத்தாவில் ஆய்வு செய்த ராபர்ட் கோக் அக்கிருமியை உலகறியச் செய்தார். நன்கு கொதிக்கும் நீரில் காலராக் கிருமி பிழைப்பதில்லை. நெடுநேரம் அடுப்பிலிருந்த சூப், அன்று அந்த நகரில் கிடைத்த தண்ணீரைவிட நம்பத்தக்கதாக இருந்திருக்கும்.

மினெஸ்ட்ரா என்றால் சூப். அதன் பெரிய உருவம் மினெஸ்ட்ரோனே. ‘பரிமாறுதல்’, ‘ஏவல் செய்தல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. மந்திரியைக் குறிக்கும் ‘மினிஸ்டர்’ என்பதும் அதே வேரினதுதான். அதற்கும் முதலில் பணியாள் என்றே பொருள்.

இது ரோமானியர் காலத்திலிருந்து மாறாமல் வரும் உணவு என்று சிலர் சொல்வதுண்டு. பானையை எட்டிப் பார்த்தால் அது பொய்த்துவிடுகிறது. தக்காளி, உருளைக்கிழங்கு, சுக்கினி, புள்ளிகளுள்ள போர்லோத்தி அவரை ஆகிய யாவும் 1492க்குப் பின் அமெரிக்காவிலிருந்து வந்தவை. மெதிச்சி குடும்பத்து ஆவணத்தில் தக்காளி முதன்முதலாக இடம்பெறுவது 1548இல். அப்போதும் அது சமையலறையை அடைந்துவிடவில்லை. ரோமானியர் அறிந்திருந்த அவரையினம், நாம் தட்டைப்பயறு என்றும் காராமணி என்றும் வழங்கும் அதே பயறுதான். பழைய பயற்றின் இடத்தில் புதிய பயறு வந்து அமர்ந்தது; பானை மட்டும் மாறவில்லை.

அக்கப்பல்களிலேயே மக்காச்சோளமும் வந்தது. வட இத்தாலியில் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில், மக்காச்சோளக் களியைத் தவிர வேறெதுவும் கிட்டாத உழவர்களைப் பெல்லக்ரா என்ற நோய் பற்றியது. தோல் வெடித்தது, குடல் கெட்டது, இறுதியில் புத்தி பேதலித்தது. நியாசின் என்னும் உயிர்ச்சத்தின் குறைபாடே காரணம் என்பது 1937க்குப் பிறகே தெளிவாயிற்று. பயறும் கீரையும் சிறிது இறைச்சியும் சேர்ந்த உணவு கிடைத்தவர்கள் தப்பினர். எனவே ‘ஏழை உணவு’ என்று நாம் இன்று ஏக்கத்தோடு பேசும் இந்தச் சூப், எல்லா ஏழைகளுக்கும் வாய்த்ததல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்வது எளிது. நால்வருக்கு 200 கிராம் ராஜ்மாவை முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று வேகவிட வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடாது. அரைவேக்காட்டு ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டும் நச்சு உண்டு. சூப்பும் குற்றம் செய்யக்கூடிய ஒரே இடம் இதுவாக இருக்கலாம்.

வெங்காயம், கேரட், செலரித் தண்டு ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, ஆலிவ் எண்ணெயில் சிறு தீயில் 15 நிமிடம் வதக்க வேண்டும். சூப்பின் சுவைக்கு அடித்தளம் இதுவே. பூண்டு, இரண்டு தக்காளி, ஓர் உருளைக்கிழங்கு, கொஞ்சம் முட்டைக்கோஸ் சேர்த்து, பயற்றையும் அது வெந்த நீரையும் ஊற்றி, ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்கவிடலாம். பார்மசான் பாலாடைக்கட்டியின் கடினமான மேல்தோல் கிடைத்தால் அதையும் பானையில் போடலாம். இறுதியில் மிலான் நகரத்தார் அரிசி சேர்ப்பார்கள். ஜெனோவாக்காரர்கள் துளசி இனத்து இலையை அரைத்த பெஸ்தோவைக் கலப்பார்கள். டஸ்கனியில் காய்ந்த ரொட்டியிட்டு மறுநாளும் கொதிக்கவைத்து, ‘மறுபடி கொதித்தது’ என்ற பொருளில் அதை ரிபொல்லீத்தா என்கிறார்கள்.

இவற்றுள் எது அசல் என்று கேட்போருக்கு அர்த்தூசியே விடை சொல்லிவிட்டார். மூன்று முறை செய்து பார்த்துத் திருத்தியபின்பே அவர் தம் செய்முறையை எழுதினார். எழுதியபின்னும், அவரவர் ஊரின் சுவைக்கும் அங்கே விளையும் காய்களுக்கும் ஏற்ப இதை மாற்றிக்கொள்ள வாசகருக்கு முழு உரிமை உண்டு என்றார். ஒரு நாள் இரவு முழுவதும் தாம் சபித்த சூப்புக்கு, அந்தக் கதையை மறைக்காமலே தம் நூலில் இடமளித்தார் அவர். பழி சொன்னவரே முன்வந்து அதைத் துடைத்த வேறு எத்தனை கதைகள் சமையல் நூல்களில் இருக்கக்கூடும்?