வாகனங்களில் தார்க்கறை

சாலை போடும் தார், சக்கரம் வாரியடித்து வண்டியின் மேல் துளித்துளியாக ஒட்டி இறுகுவதால் ஏற்படும் கறை இது. கார்களில் சக்கரத்துக்குப் பின்னாலுள்ள பகுதி, கதவுகளின் கீழ்விளிம்பு, பின் பம்பர் ஆகியவற்றிலும், இரு சக்கர வாகனங்களில் மட்கார்டு, சைலன்சர் ஆகியவற்றிலும் அதிகம் காணப்படும். வெள்ளை வண்டியில்தான் கண்ணை உறுத்தும். கறுப்பு வண்டிக்காரருக்குக் கையால் தடவினால்தான் தெரியும்.

இன்றைய சாலைத் தார் பெரும்பாலும் பிட்டுமன், அதாவது கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் மிஞ்சும் பொருள். இந்தியச் சாலைகளில் பரவலாகப் பயன்படும் விஜி-30 வகை இளகத் தொடங்கும் வெப்பநிலை குறைந்தது 47 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். கோடை நடுப்பகலில் சாலைப் பரப்பின் சூடு இதை எளிதாகத் தாண்டிவிடுவதால், புதிதாகப் போட்ட சாலையில் மட்டுமின்றி, தார் கசியும் பழைய சாலையிலும் கறை ஒட்டும். ஒட்டிய துளியில் மணலும் பிரேக் தூளும் பதிந்து, சில நாளில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகிவிடும்.

பிட்டுமன் நீரில் கரையாது. எனவே சோப்பு நுரையை எவ்வளவு குவித்தாலும் பயனில்லை. எண்ணெய் வகைக் கரைப்பான்தான் வேண்டும். கடைகளில் கிடைக்கும் தார் நீக்கிகள், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் இந்த வேலையைச் செய்யும். சமையல் எண்ணெய்கூடத் தாரை இளக்கும், ஆனால் நேரம் பிடிக்கும். பெட்ரோலும் கரைக்கும், நொடியில் ஆவியாகி எளிதில் தீப்பற்றும் என்பதால் தவிர்ப்பதே நல்லது. தின்னர் தொடவே கூடாது. டிங்கரிங் முடித்து மறுபெயின்ட் அடித்த பகுதியில் அது தாரோடு பெயின்ட்டையும் உரித்துவிடும்.

முதலில் வண்டிமேல் தண்ணீர் அடித்து மணலைப் போக்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்ப்பவர்களின் வண்டியில்தான் வட்டவட்டமான கீறல்கள் விழுகின்றன. கார் பெயின்ட்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சின் தடிமன் பொதுவாக 50 மைக்ரான் அளவே, அதாவது தலைமுடியைவிட மெல்லியது. நிழலில், தகடு ஆறியபின், கரைப்பானில் நனைத்த மெல்லிய துணியைக் கறைமேல் ஓரிரு நிமிடம் ஒற்றி வைத்தால், துளியின் ஓரம் முதலில் பழுப்பாகக் கசிந்து வழியும். அதுதான் துடைக்க வேண்டிய தருணம். தேய்க்காமல் ஒரே திசையில் எடுத்து, துணியின் பக்கத்தை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். அழுக்கான பக்கத்தால் திரும்பத் துடைத்தால் கறை இடம் மாறுமே தவிரப் போகாது. பிளேடால் சுரண்டுவது கண்ணாடிக்கு மட்டுமே பொருந்தும். வெகுநாள் கிடந்த துளி வெள்ளைப் பெயின்ட்டில் மஞ்சள் நிழல் விட்டுச் செல்வதுண்டு. அதற்குப் பாலிஷ்தான் வழி.

கரைப்பானின் எண்ணெய்ப்பசையை ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். கூடவே மெழுகும் போய்விடுவதால் புதிதாகப் பூச வேண்டியிருக்கும். பாலிகார்பனேட்டால் ஆன முகப்பு விளக்கு மூடிகள் பல கரைப்பான்களில் நுண்விரிசல் காணும். டயர், ரப்பர் பட்டிகளில் மண்ணெண்ணெயும் டீசலும் ஊறினால் ரப்பர் உப்பி இளகும். சர்வீஸ் நிலையங்களில் அடிப்பாகத்துக்கு டீசல் அடிப்பது பழக்கத்தில் இருந்தாலும், பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு துளி பட்டாலும் பிடிமானம் குறையும் என்பதால் சக்கரப் பகுதியில் அது ஆபத்தானது.