டங்கென்று விழணும்

டிசம்பர் பிறந்தால் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் எங்கள் தெருவில் மூன்று நான்கு வீட்டு வாசலில் 'ஹோம்மேட் சாக்லேட் ஆர்டரின் பேரில் செய்து தரப்படும்' என்று அட்டை தொங்கும். நானும் ஆறு வருஷம் அப்படித் தொங்கவிட்டவள்தான். கால் கிலோ, அரைக் கிலோ என்று ஜிகினாத் தாளில் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுப்பேன். ஒரு தடவை வாங்க வந்த கல்லூரிப் பெண், "ஆன்ட்டி, இது பிரெஞ்சுக்காரங்க காலத்துலேருந்து நம்ம ஊர்ல இருக்கிற பழக்கமா?" என்று கேட்டாள். "இல்லம்மா, என் பையன் பத்தாவது படிக்கும்போது வந்தது" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

சாக்லேட்டைப் பொறுத்தவரை அது சரியான பதில்தான். ஆனால் சர்க்கரையோ வெல்லமோ காய்ச்சி, கடித்தால் பல் அதிர்கிற பதத்துக்குக் கொண்டுவந்து, பண்டிகைக்குப் பிள்ளைகள் கையில் கொடுப்பது இங்கே பழசு. டாஃபி என்ற பெயர்தான் எங்களுக்குத் தெரியாது. கமர்கட்டு என்போம்.

நான் பிறந்தது 1959. ஊர் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்றே இந்தியாவிடம் வந்துவிட்டாலும், சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. அதனால் மூன்று வயது வரை நீ பிரெஞ்சுக்காரி என்று அண்ணன் கேலி செய்வான். அந்தப் பிரெஞ்சுக்காரிக்குத் தெரிந்த முதல் மிட்டாய், ஆயா மண்ணடுப்பில் வெண்கல உருளியை ஏற்றிக் கிண்டியதுதான். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னால் ஆரம்பிப்பாள். கல்கல், அச்சு முறுக்கு, அதிரசம் எல்லாம் அம்மாவும் அத்தைகளும் பார்த்துக்கொள்வார்கள். பாகு வைக்கிற வேலையை மட்டும் ஆயா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒரு பெரிய தேங்காய்க்கு அரைக் கிலோ வெல்லம். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, அடுப்பில் ஏற்றுவாள். பாகு பொங்கி நுரை தணிந்ததும் துருவல் விழும். அதற்கப்புறம் யாரும் பேசக்கூடாது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு அதில் விட்டு, விரலால் திரட்டி உருட்டி, பித்தளைத் தட்டில் போடுவாள். 'தொப்'பென்று விழுந்தால் இன்னும் கிண்டணும். 'டங்'கென்று விழுந்தால் உருளி உடனே கீழே இறங்கும். அரை நிமிஷம் தாமதித்தாலும் கசப்பு ஏறிவிடும். இறக்கியதும் நெய் தடவிய கைகளோடு நாங்கள் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து சூடு ஆறுவதற்குள் உருட்டித் தள்ள வேண்டும். என் வலது உள்ளங்கையில் அந்தக் காலத்துச் சூட்டுத் தழும்பு ஒன்று இன்னும் இருக்கிறது.

பிற்பாடு சாக்லேட் வகுப்புக்குப் போனபோது வெப்பமானி ஒன்று வாங்கினேன். அதை வைத்து ஆயாவின் பதத்தை ஒருநாள் அளந்து பார்த்தேன். தண்ணீரில் கெட்டியாகத் திரளும் பதம் 120-லிருந்து 130 டிகிரி செல்சியஸ் என்று மிட்டாய்த் தொழில் புத்தகங்கள் சொல்கின்றன. டங்கென்ற சத்தமும் அதற்குள்தான் வந்தது. இங்கிலாந்துக்காரர்களின் டாஃபி இன்னும் மேலே, 150 வரை போகிறது. அதனால்தான் அது கண்ணாடி மாதிரி உடைகிறது. அவர்கள் சர்க்கரையோடு வெண்ணெய் போடுகிறார்கள். நாம் வெண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காயைப் போட்டோம். துருவலிலிருந்து கசியும் எண்ணெய்தான் பாகைப் பல்லில் ஒட்டாமல் காப்பாற்றுகிறது. வெள்ளைக்காரனைப் பார்த்துச் செய்ததா, அவனுக்கு முந்தியே இருந்ததா என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. வெல்லமும் தென்னையும் இருக்கிற ஊரில் இதைச் செய்ய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதுச்சேரியின் டிசம்பர் பாகுக்கு எதிரி. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும், சில வருஷம் ஓய்ந்தே இருக்காது. சர்க்கரைப் பண்டம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் கமர்கட்டு ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாறையாகிவிடும். ஆயா பழைய பிஸ்கட் டின்னில் அடுக்கி, அடுக்குக்கு இடையில் அரிசி மாவு தூவுவாள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது வீட்டில் மின்சாரம் இல்லை, ஃபிரிட்ஜில் வைத்திருந்த என் சாக்லேட் அத்தனையும் குழைந்து வீணாயிற்று. டின்னில் இருந்த கமர்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்துவிட்டது. அடுத்த வருஷம் முந்திரி வாங்கப் போனபோது விலையைக் கேட்டுத் திரும்பி வந்து மல்லாட்டை போட்டேன்.

மல்லாட்டை என்று நான் சொல்வது நிலக்கடலை. மணிலாக்கொட்டை என்பதுதான் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அது விலைபோகும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. கமிட்டி என்றால்தான் ஜனங்களுக்குப் புரியும். இந்தக் கொட்டைக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் இருந்த உறவு சாக்லேட்டை விடப் பெரிது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக நிலக்கடலை மார்செய் நகரத்துக்குப் போயிற்று. அங்கே எண்ணெய் பிழிந்தார்கள், சோப்புக்கும் போட்டார்கள். தென்னார்க்காட்டு வண்டிகள் மூட்டை மூட்டையாகக் கடற்கரைக்கு வந்து கொட்டின. மூட்டையிலிருந்து சிந்தியது பிள்ளைகளுக்கு. அதை வறுத்துத் தோல் நீக்கி வெல்லப்பாகில் புரட்டினால் உருண்டை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம்தான். எங்கள் மல்லாட்டை உருண்டைக்கு அப்படி யாரும் மனுப் போட்டதாகத் தெரியவில்லை.

அப்படியென்றால் பிரெஞ்சுக்காரர்கள் இனிப்பில் ஒன்றுமே விட்டுப்போகவில்லையா? விட்டார்கள். ஆனால் அது டின்னில் வந்தது. 1941-ல் பிரிட்டிஷ் இந்தியாவோடு செய்துகொண்ட சுங்க ஒப்பந்தம் 1949-ல் முடிந்தபின், புதுச்சேரிக்கு வெளிநாட்டுச் சரக்கு தீர்வையில்லாமல் இறங்கியது. வாசனைத் திரவியம், கைக்கடிகாரம், மிட்டாய் டின் எல்லாம் கடையில் மலிவு. அதை எல்லைச் சாவடி தாண்டிக் கடலூருக்குக் கொண்டுபோனால் கடத்தல். பெரியம்மா ஒரு டின்னைப் புடவை மடிப்பில் வைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போன கதையை, ஒவ்வொரு தடவையும் காவல்காரர் ஒருவரைக் கூட்டிச் சொல்வாள்.

அப்புறம் சொல்தா வீடுகள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை நாங்கள் சொல்தா என்போம். அந்த வீடுகளில் ஞானஸ்நானத்துக்கும் புதுநன்மைக்கும் வாதுமைப் பருப்பின்மேல் சர்க்கரை முலாம் பூசிய திராழே கொடுப்பார்கள், வலைத்துணியில் ஐந்தாறு முடிந்து. மாமா ஒருவர் பிரான்சிலிருந்து வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வருவார். அவர் கொண்டுவருவது பப்பியோத். லியோன் நகரத்துப் பண்டிகைச் சாக்லேட் அது. இரண்டு முனையும் குஞ்சம் வைத்த பளபளப்புத் தாள், உள்ளே சாக்லேட்டோடு ஒரு துண்டுச் சீட்டில் வாசகம். சாக்லேட் எங்களுக்கு, சீட்டு தாத்தாவுக்கு. அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரெஞ்சில் வாசித்து, தமிழில் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்வார். ஆனால் அந்தச் சாக்லேட்டை வீட்டில் செய்து பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

தோன்றாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, வெயில். சாக்லேட்டின் உயிர் கோக்கோ வெண்ணெய். அது 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். நாக்கில் வைத்தால் கரைவதும் அதனால்தான். 31, 32 டிகிரியில் நிறுத்திப் பக்குவப்படுத்தினால்தான் பளபளப்பும் படக்கென்று ஒடிகிற குணமும் வரும். நம் ஊர்ச் சமையலறையில் அடுப்பை அணைத்தாலும் அந்தச் சூடு இருக்கிறது. இத்தனைக்கும் கோக்கோச் செடி இந்தியாவில் முதலில் வேர்விட்டது தமிழ் மண்ணில். கிழக்கிந்தியக் கம்பெனி 1798-ல் குற்றாலத்தில் நட்டுப் பார்த்தது. ஆனால் அது பெரிய சாகுபடியாகவில்லை. 1960-களில் கேட்பரி நிறுவனம் முனைந்த பிறகு கேரளத்தில் பரவி, அப்புறம் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளுக்கு ஊடுபயிராக வந்தது. கமர்கட்டுக்குக் காய் கொடுக்கிற மரத்தின் நிழலில் இப்போது சாக்லேட்டும் காய்க்கிறது.

வீட்டு மிட்டாயை முதலில் அடித்தது சாக்லேட் இல்லை, நெல்லிக்குப்பம். கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற வழியில், கரும்பு ஆட்டும் பருவத்தில் பஸ் ஜன்னல் வழியாகவே ஒரு வாடை அடிக்குமே, அந்த ஊர். அங்கே பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை 1842 தொட்டு வருகிறது. 1914-ல் அங்கேயே மிட்டாய் செய்ய ஆரம்பித்தார்கள். சர்க்கரை வாசலிலேயே கிடைக்கிறது, பிறகென்ன! எங்கள் பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருக்கும். முன் வரிசையில் கமர்கட்டும் தேன் மிட்டாயும் ஆரஞ்சு மிட்டாயும். பின் வரிசையில், தாள் சுற்றிய பாரி டாஃபியும் சித்தூரிலிருந்து வந்த நியூட்ரினும். தாள் சுற்றியதுதான் உசத்தி. பிறந்தநாளுக்கு வகுப்பில் கமர்கட்டு கொடுத்த பிள்ளையை நாங்கள் எவ்வளவு கேலி செய்தோம் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. பாரியின் மிட்டாய்க் கம்பெனியை 2004-ல் கொரியாவின் லாட்டே வாங்கியது. காபி பைட் இன்னும் வருகிறது; என் பேரன் அதைக் கொரியா மிட்டாய் என்கிறான். நெல்லிக்குப்பத்து மிட்டாய்டா என்று சொன்னால் நம்புவதில்லை.

இப்போது என் அட்டைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துச் சமையலறைக்குள் சாக்லேட் நுழைந்தது 'காம்பவுண்ட்' என்கிற கட்டியாக. கோக்கோ வெண்ணெயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் எண்ணெய்ப்பனைக் கொட்டையிலிருந்து எடுத்தது, போட்டிருப்பார்கள். குணத்தில் அது நம் தேங்காய் எண்ணெய்க்குத் தங்கை. பக்குவப்படுத்தும் தொல்லை கிடையாது. சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்துக் கட்டியை உருக்கு, அச்சில் ஊற்று, பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வை, தட்டிக் கவிழ். வகுப்பு ஒரே நாள்தான். என் முதல் ஆர்டரில், பாத்திரத்தின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்து இரண்டு கிலோவும் மணல் மாதிரி கட்டி தட்டிப் போயிற்று. ஆயாவுக்குப் பதம் சொன்ன அதே சொட்டுத் தண்ணீர் எனக்கு நஷ்டம் வைத்தது. அது ஒன்றுதான் அதில் கற்க வேண்டிய பாடம். மற்றபடி ஆறு வயதுக் குழந்தையும் செய்யும்.

எளிது என்பதால் அதை நான் குறை சொல்லவில்லை. அந்த வருமானத்தில் என் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியிருக்கிறேன். ஆனால் தொழிற்சாலையில் செய்ததை உருக்கி வேறு அச்சில் ஊற்றிவிட்டு 'ஹோம்மேட்' என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும். ஊட்டியில் கமர்ஷியல் ரோட்டில் தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பதிலும் பல கடைகளில் இதே சமாசாரம்தான். கொட்டையிலிருந்து செய்கிறவர்களும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆரோவில்லை ஒட்டி 2014-ல் தொடங்கிய மேசன் அண்ட் கோ, தென்னிந்தியத் தோட்டங்களின் கோக்கோவை வாங்கி வறுத்து அரைத்துச் சாக்லேட் ஆக்குகிறது. அதற்கு ஆளும் இயந்திரமும் குளிர்ந்த அறையும் வேண்டும். என் சமையலறை எட்டுக்குப் பத்து.

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வரும். தட்டை வெறுமனே திருப்பக்கூடாது என்று ஒரு பிடி சர்க்கரை போட்டு அனுப்புவோம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் தட்டு போகும். சாக்லேட் செய்த ஆறு வருஷமும் எங்கள் தட்டில் சாக்லேட்தான் போயிற்று. ஏழாவது வருஷம் எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே நிறுத்தி, "ஏம்மா, உங்க ஆயா செய்வாங்களே கெட்டி உருண்டை, அது இனிமே கிடையாதா? சாக்லேட்ட நான் கடையிலயே வாங்கிப்பேன்" என்றாள். அந்த வருஷமே அட்டையைக் கழற்றிவிட்டேன்.

இப்போது டிசம்பர் 15-லிருந்து உருளி அடுப்பில்தான் இருக்கும். மகளும் மருமகளும் பேசாமல் நிற்கப் பழகிவிட்டார்கள். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் வரலாம், காசு வேண்டாம். தேங்காயை மட்டும் நீங்களே துருவ வேண்டும், எனக்குத் தோள் வலி.