தனியே பளு தூக்கல்

தனியே பளு தூக்கல் என்பது உதவியாளர் எவரும் அருகில் இல்லாத நிலையில், ஒருவர் பார்பெல் முதலிய பளுக்களைக் கொண்டு வீட்டில் செய்யும் உடற்பயிற்சி ஆகும். கொரோனா பெருந்தொற்றின்போது 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டு உடற்பயிற்சிக் கூடங்கள் ஆகஸ்டு 10 முதலே மீண்டும் இயங்க அனுமதிக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் பலர் வீட்டிலேயே பயிற்சி செய்தனர்.

இடர்

பலகையில் மல்லாந்து படுத்துப் பளுவை மார்புக்கு மேல் உயர்த்தும் பயிற்சி பெஞ்ச் பிரஸ் எனப்படும். தனியே செய்வோருக்கு மிகுந்த இடர் தருவது இதுவே. கைகள் சோர்ந்தால் தண்டு கழுத்தையோ மார்பையோ அழுத்தி மூச்சை அடைக்கக்கூடும். போட்டிகளில் இதன்பொருட்டே தண்டின் அருகே உதவியாளர்கள் நிற்கின்றனர். ஆடவர் போட்டித் தண்டு மட்டுமே 20 கிலோகிராம் எடையுள்ளது.

பாதுகாப்பு முறைகள்

* இரு புறமும் உறுதியான தாங்கு கம்பிகளை, நிமிர்ந்த மார்பை விடச் சற்றுத் தாழ்வாகவும் கழுத்தை விட உயரமாகவும் பொருத்துதல்.
* தாங்கு கம்பிகள் இல்லையெனில் பார்பெல்லைத் தவிர்த்து, பக்கவாட்டில் இறக்கக்கூடிய டம்பெல்களைப் பயன்படுத்துதல்.
* பெருவிரலைத் தண்டைச் சுற்றி வளைத்துப் பிடித்தல்.
* மேலும் இரண்டு முறை தூக்க வலு இருக்கும்போதே நிறுத்துதல்.
* கதவைத் தாழிடாமலும் கைபேசியைக் கைக்கெட்டும் தொலைவிலும் வைத்திருத்தல்.

சிக்கிக்கொண்டால்

தண்டின் முனைகளில் பூட்டு இல்லையெனில் ஒரு புறமாகச் சாய்த்து வட்டுகளை நழுவவிடலாம். அப்போது மறுமுனை வேகமாக மேலெழும். எடை குறைவாயின் தண்டை வயிற்றின் மீது உருட்டி இடுப்புக்குக் கொண்டு சென்று எழலாம். விடுபட்ட பின்னரும் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.