நிழற்படத்துக்குச் சொல் தேடியோர்: பொருட்டலைப்புகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நூலொன்று தன்னைத் தானே அறிமுகஞ் செய்துகொள்ளும். அதன் முகப்பிலே தலைப்பும் ஆசிரியர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். நிழற்படத்துக்கு அத்தகைய முகப்பு இல்லை. அதனோடு எவரேனும் சேர்த்து வைக்கும் சொற்களே பிற்காலத்தவர் அதனைக் கண்டடைதற்குரிய வழியாக அமைகின்றன. ஒரு படத்துக்கு ஒரு சொல்லும், அதனையொத்த பிறிதொரு படத்துக்கு வேறொரு சொல்லும் இடப்படுமாயின், அப்படங்கள் களஞ்சியத்தில் இருந்தும் இல்லாதனவே ஆகும். இப்பிரச்சினை கணினியோடு தோன்றியதன்று. அதன் வேர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூலகங்களில் உள்ளன.

பொஸ்டன் நகரின் அதீனியம் நூலகத்தில் நூலகராகப் பணியாற்றிய சார்ள்ஸ் அமி கட்டர் 1876ஆம் ஆண்டில் அகராதிமுறைப் பட்டியலுக்கான விதிகளை வெளியிட்டார். ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களுள் ஒன்றை மட்டுமே தலைப்பாகத் தெரிதல் வேண்டும். ஏனைய சொற்களிலிருந்து அத்தலைப்பிற்கு 'காண்க' எனச் சுட்டுதல் வேண்டும் என்பது அவர் வகுத்த நெறிகளுள் முதன்மையானது. வாசகன் எச்சொல்லோடு வந்தாலும் ஓரிடத்தையே அடைவான் என்பதே இதன் உட்பொருள். அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகம் 1898ஆம் ஆண்டில் தொடங்கிய பொருட்டலைப்புப் பட்டியல் இந்நெறியின் வழிவந்ததாகும்.

இத்துறைக்குத் தமிழகம் அளித்த கொடையும் ஈண்டு நினைவுகூரற்பாலது. சீர்காழியிற் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன் 1933ஆம் ஆண்டில் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு பொருளை முன்கூட்டியே அமைந்த ஒரு பெட்டிக்குள் அடைக்காது, அதனை ஆள், பொருள், செயல், இடம், காலம் என்ற கூறுகளாகப் பகுத்துப் பின் இணைப்பதே அவர் கண்ட வழி. நிழற்படத்துக்கு இது மிகவும் பொருந்துவதாகும். யார், என்ன செய்கின்றார், எங்கே, எப்போது என்ற வினாக்களைத் தவறாது ஒரே ஒழுங்கிற் கேட்பவரின் விடைகளில் ஒருமைப்பாடு தானே அமைகின்றது. யாழ்ப்பாணப் பொது நூலகம் உருவாகிய வேளையில் அரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டமை நம்மவர்க்கு அவரோடுள்ள தொடர்பை உணர்த்தும்.

நிழற்படங்களைப் பெருந்தொகையாக ஒழுங்குபடுத்திய முயற்சிகளுள் அமெரிக்கப் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தொகுப்பு தலையாயது. பொருளாதாரப் பெருமந்தத்தால் நலிந்த கிராம வாழ்வைப் பதிவு செய்யும் பணி 1935இல் றோய் ஸ்ட்ரைக்கரின் தலைமையில் தொடங்கிற்று. 1944இல் இத்தொகுப்பு கொங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்தபோது அதில் ஏறத்தாழ 1,75,000 கறுப்பு வெள்ளை எதிர்ப்படங்கள் இருந்தன. இவற்றை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு 1942இல் போல் வாண்டர்பில்ற் என்பாரிடம் வந்தது.

அவர் எதிர்நோக்கிய சிக்கல் இது: படங்களைப் பொருள்வாரியாக அடுக்கினால் தேடுவோர்க்கு நலம், ஆயின் ஒரு பயணத்தில், ஒரு குடும்பத்தைப் பற்றி எடுக்கப்பட்ட படங்கள் பல திசைகளிற் சிதறிவிடும். எனவே அவர் முதலிற் படங்களை எடுக்கப்பட்ட தொகுதிகளாகவே நுண்படச் சுருளிற் பதிவு செய்தார். அதன் பின்னரே அச்சுப்படங்களைப் பிரதேசம், பொருள் என்ற வரிசையில் அடுக்கினார். மூலச் சூழலையும் தேடும் வசதியையும் ஒருங்கே காத்தமை அவரது சாதனை எனலாம்.

எனினும் எவ்வளவு சிறந்த ஒழுங்கும் எழுதப்படாத சொல்லை மீட்டுத் தராது. டொரதியா லாங் 1936ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த தாயின் படம் உலகறிந்தது. அதன் குறிப்பு அப்பெண்ணின் வறுமையையும் வயதையும் பிள்ளைகளின் தொகையையும் கூறிற்று, பெயரைக் கூறவில்லை. அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பதும், செரோக்கி இனத்தவர் என்பதும் 1978இற்குப் பின்னரே பரவலாகத் தெரியவந்தன. நாற்பதாண்டுகளுக்கு மேலாக அம்முகம் எங்கும் காணப்பட்டது. அம்மனிதரோ எந்தத் தலைப்பின் கீழும் காணப்படவில்லை.

எழுதப்பட்ட சொல்லும் காலத்தால் மாறும். அக்காலப் படக்குறிப்புகள் கறுப்பின மக்களை 'நீக்ரோ' என்றே வழங்கின. கொங்கிரஸ் நூலகத்தின் பொருட்டலைப்பிலும் அச்சொல் 1970கள் வரை நிலைத்திருந்தது. அத்தலைப்புகளிற் படிந்திருந்த பக்கச்சார்பை சான்ஃபர்ட் பேர்மன் 1971இல் ஒரு நூலாகவே எழுதிக் கண்டித்தார். ஒருமைப்பாடு மட்டுமே நீதியாகாது என்பதை இது காட்டுகின்றது. தவறான சொல்லையும் ஒருமைப்பாட்டோடு வழங்க முடியும். அதேவேளை, சொற்றொகுதி ஒன்றாக இருந்தமையாலேயே அதனை ஓரிடத்தில் மாற்றி எங்கும் திருத்துவதும் இயல்வதாயிற்று. பழைய படக்குறிப்பையோ அழித்தல் கூடாது. அது தன் காலத்துக்குச் சான்று. குறிப்பு வேறு, தலைப்பு வேறு என்ற பாகுபாடு இங்கே இன்றியமையாததாகின்றது.

1986ஆம் ஆண்டில் சேரா ஷற்போர்ட் மேலும் ஒரு பாகுபாட்டை வலியுறுத்தினார். படத்தில் உள்ளது யாது என்பது ஒன்று; படம் எதைப் பற்றியது என்பது மற்றொன்று. அழும் பெண்ணின் படம் பெண்ணைக் காட்டுகின்றது, துயரத்தைப் பற்றியதாகின்றது. முன்னதில் இருவர் உடன்படுதல் எளிது, பின்னதில் அரிது. கொங்கிரஸ் நூலகம் படங்களுக்கெனத் தனிச் சொற்களஞ்சியத்தை 1987இல் வெளியிட்டமை இச்சிந்தனைகளின் சூழலிலாகும்.

1990களில் சர்வதேச பத்திரிகைத் தொலைத்தொடர்பு மன்றம் வகுத்த தரவு நியமம், படக்கோப்பின் உள்ளேயே திறவுச்சொற்களைப் பதிய வழிசெய்தது. இதனால் சொல் படத்தை விட்டுப் பிரியாது உடன் செல்லலாயிற்று. ஆயின் 'வயல்' என்றும் 'கழனி' என்றும் மாறி மாறி எழுதுபவரைக் கணினி தானாகத் திருத்திவிடாது. கட்டரின் 'காண்க' என்ற சிறு சுட்டு இன்றும் தன் தேவையை இழக்கவில்லை.

படங்கள் பெருகப் பெருக, அவற்றைப் பார்த்தறிந்தோர் மறைந்துகொண்டிருப்பர். அவர்கள் உள்ள காலத்திலேயே பெயரையும் இடத்தையும் ஆண்டையும் ஒரு நெறியில் எழுதி வைப்பது வரலாற்றின் முதற்பணியாகும். நிப்போமோவிற் கேட்கப்படாது போன பெயர் இதற்குப் போதிய சான்றாகும்.